போக்குவரத்துத் திட்டங்களில் முன்னுரிமை: நிலப்படம் எவ்வளவு தூரம் உதவும்?

(அத்திபெலேயில் மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு அத்திபெலேயைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைவது இங்கேதான். 2010-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை எண்கள் மாற்றியமைக்கப்படும் வரை இது 7-ஆம் எண் சாலை. முதியவர்கள் இன்றும் அவ்வாறே குறிப்பிடுகின்றனர். தங்க நாற்கரச் சாலையின் சென்னை–மும்பைப் பகுதியும் இதன் வழியாகவே செல்கிறது. ஒரு பக்கம் ஆனேக்கல் வட்டம்; மறுபக்கம் ஓசூர் வட்டம். இங்கு அமர்ந்திருப்பவர்களில் பலர் காலையில் ஒரு மாநிலத்தில் உணவருந்திவிட்டு மற்றொரு மாநிலத்தில் படிப்பவர்கள் அல்லது பணிபுரிபவர்கள்.

2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, விற்பனை வரிக்காக லாரிகள் எல்லையில் காத்துக்கிடந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. சரக்கைப் பொறுத்தவரை எல்லை பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆனால் சாலை, இருப்புப்பாதை, பேருந்துத் தடம் ஆகியவற்றுக்கான திட்டங்களைப் பொறுத்தவரை அந்த எல்லை இன்னும் உறுதியாகவே நிற்கிறது. இதனால் நேரும் இழப்பு என்ன, நிலப்படமாகத் தொகுக்கப்பட்ட விவரங்களைக் கொண்டு அதை எவ்வாறு குறைக்கலாம் என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வரிசைப்படுத்துவது ஏன் கடினம்?

நல்ல திட்டத்தையும் தீய திட்டத்தையும் பிரித்தறிவது எளிது. பத்து நல்ல திட்டங்கள் இருக்கையில் மூன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால், எந்த மூன்று என்பதே சிக்கல். நெடுங்காலம் இக்கேள்விக்கு விடை மனுக்களின் எண்ணிக்கையையும், மனுக் கொடுத்தவரின் செல்வாக்கையும் பொறுத்தே அமைந்தது. குரல் உயர்த்தத் தெரிந்த ஊருக்குச் சாலை வந்தது. தெரியாத ஊர் காத்திருந்தது.

இதற்கு மாற்றாக ஒரு பொது அளவுகோலை உருவாக்க முற்பட்டது 1943-ஆம் ஆண்டின் நாகபுரித் திட்டம். நாட்டின் தலைமைப் பொறியாளர்கள் கூடி உருவாக்கிய அத்திட்டம், நூறு சதுர கிலோமீட்டர் பரப்புக்குச் சுமார் 16 கிலோமீட்டர் சாலை என்ற இலக்கை வகுத்தது. 1961-ஆம் ஆண்டின் பம்பாய்த் திட்டம் அதை 32 ஆக உயர்த்தியது. அதன்பின் வந்த லக்னோ திட்டம் 2001-ஆம் ஆண்டுக்குள் 82 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தது. இவை பெரும் சாதனைகளே. எனினும், பரப்பளவுக்கு இவ்வளவு என்ற கணக்கு, சாலை எங்கே போடப்பட வேண்டும் என்பதைச் சொல்லாது. நூறு சதுர கிலோமீட்டரில் மக்கள் ஒரு மூலையில் நெருக்கமாக வாழலாம். சாலையோ மற்றொரு மூலையில் நீளலாம். சராசரி நிறைவேறிவிடும், கிராமம் சேற்றிலேயே நிற்கும்.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது எனலாம். சமவெளியில் 500 பேரும், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் கொண்ட குடியிருப்புகள் அனைத்தும் பட்டியலிடப்பட்டன. ஒவ்வொரு குடியிருப்புக்கும் அனைத்துப் பருவங்களிலும் பயன்படும் ஒரு சாலையேனும் கிடைக்க எந்தெந்தப் பாதைகள் தேவை என்பது வட்டார அளவில் படமாக வரையப்பட்டு, மாவட்ட அளவில் இணைக்கப்பட்டது. அடிப்படைச் சாலைப் பின்னல் என்று அதற்குப் பெயர். பட்டியலில் இல்லாத சாலையைச் செல்வாக்கின் பேரில் நுழைப்பது அதன்பின் கடினமாயிற்று. என் கருத்தில், அத்திட்டம் போட்ட சாலைகளைப் போலவே முக்கியமானது அது போட்ட இந்த ஒழுங்கு.

2019-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட மூன்றாம் கட்டத்தில் 1,25,000 கிலோமீட்டர் சாலைகளை மேம்படுத்துவது இலக்கு. இங்கு ஒரு புதிய முறை கையாளப்பட்டது. ஒரு சாலை எத்தனை மக்களுக்குப் பயன்படுகிறது, வழியில் வேளாண் சந்தை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை ஆகியவை எத்தனை உள்ளன என்று மதிப்பெண் தரப்பட்டு, சாலையின் நீளத்துடன் ஒப்பிடப்படுகிறது. எந்த வழியில் போட்டால் பயன் அதிகம் என்பதைக் கணிப்பொறியே படத்தில் தடம் பிடித்துக் காட்டும். இவ்வாறு திரட்டிய விவரங்களை, அதாவது பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட குடியிருப்புகள், 25 லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஊரகச் சாலைகள், எட்டு லட்சத்தையொட்டிய வசதிகள் ஆகியவற்றை, 2022-இல் மத்திய அரசு பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

பெரிய திட்டங்களுக்கு 2021 அக்டோபர் 13 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கதிசக்தி தேசியப் பெருந்திட்டம் இதே வேலையைச் செய்கிறது. ரயில், நெடுஞ்சாலை, துறைமுகம், மின்சாரம், காடு, நில உரிமை என ஏறத்தாழ 1,600 விவர அடுக்குகள் ஒரே நிலப்படத்தின் மேல் பரப்பப்பட்டுள்ளன. 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களைப் பல அமைச்சகங்களின் திட்டப் பிரிவினர் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்கின்றனர். சாலை போட்ட மறுமாதமே குழாய் பதிக்கத் தோண்டும் அவலத்தை இது ஓரளவேனும் தடுக்கும்.

படத்தில் இல்லாதவை

இவ்வளவு கருவிகள் கையில் இருந்தும் அத்திபெலே போன்ற இடங்களில் முன்னுரிமை தவறுவது ஏன்? என் விடை இதுதான்: நம் படங்கள் நிலையாக நிற்பவற்றைக் காட்டுகின்றன. சாலை, பள்ளி, பாலம், தொழிற்பேட்டை ஆகியவை அதில் உள்ளன. எங்கிருந்து எங்கே எத்தனை பேர், எத்தனை மூட்டை, எந்த நேரத்தில் செல்கின்றன என்பது இல்லை. போக்குவரத்து என்பதோ இந்தச் செலவுதான்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1837-ஆம் ஆண்டு அயர்லாந்தில் ரயில் பாதைகளை எங்கு அமைப்பது என்று ஆராய்ந்த ஆணையத்திற்காக, ஹென்றி ஹார்னஸ் என்ற இராணுவப் பொறியாளர் பயணிகளும் சரக்கும் செல்லும் அளவுக்கேற்ப கோடுகளின் தடிப்பை மாற்றி வரைந்தார். 1845-இல் பிரெஞ்சுப் பொறியாளர் மினார், டிஜோன்–முலூஸ் ரயில்பாதை எந்த வழியில் செல்ல வேண்டும் என்ற விவாதத்தின்போது, அப்பகுதிச் சாலைகளில் குதிரை வண்டிகளில் செல்லும் பயணிகளின் எண்ணிக்கையை இதே முறையில் படமாக்கினார். பார்த்த மாத்திரத்தில் மக்கள் எவ்வழியே செல்கின்றனர் என்பது புலப்பட்டது. ரயில் வருவதற்கு முன்னரே, ரயிலுக்கான தேவையை அவர்கள் படத்தில் கண்டுவிட்டனர். செயற்கைக்கோள் படம் வைத்திருக்கும் நம்மிடம் பல வட்டாரங்களுக்கு இத்தகைய படம் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

நம்மிடம் உள்ள விவரங்களைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம் தவிர்த்த தொழிலாளர்கள் வேலைக்கு எவ்வளவு தூரம், எந்த வாகனத்தில் செல்கின்றனர் என்று கேட்கப்பட்டது. அரிய விவரம். ஆனால் தூரம் கிடைத்ததே தவிர, சேருமிடம் கிடைக்கவில்லை. பத்து கிலோமீட்டர் செல்பவர் பெங்களூரை நோக்கிச் செல்கிறாரா, ஓசூரை நோக்கியா என்பதை அந்த அட்டவணை கூறாது. மேலும், ஆனேக்கல் வட்டமும் ஓசூரும் 2011-க்குப் பின் அடைந்துள்ள வளர்ச்சி நீங்கள் கண்ணால் காண்பது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் முடிவுகள் வரும் வரை, வேகமாக வளரும் ஊருக்கும் தேங்கி நிற்கும் ஊருக்கும் பழைய மக்கள்தொகையே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். 2024-இல் ஒப்புதல் பெற்ற கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டமும், 62,500 கிலோமீட்டர் சாலையால் 25,000 குடியிருப்புகளை இணைப்பதற்கு 2011-ஆம் ஆண்டுக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது.

சரக்கு வாகனங்களின் விவரம் இதைவிடச் சிறப்பாக உள்ளது. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு மின்னணு வழிச்சீட்டு நடைமுறையில் உள்ளது. எங்கு ஏற்றி எங்கு இறக்கப்படுகிறது என்பது அஞ்சல் குறியீட்டு எண்ணோடு பதிவாகிறது. ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தக்காளி வேனும், ஓசூரில் தயாராகிச் செல்லும் மோட்டார் வாகனங்களும் எங்கேனும் ஒரு பதிவேட்டில் இடம்பெற வாய்ப்புண்டு. இருசக்கர வாகனத்திற்கோ சுங்கக் கட்டணம் இல்லை. ஆகவே அதற்குப் பதிவும் இல்லை. கம்பெனிப் பேருந்து ஒரு வாகனமாகப் பதிவாகும். அதில் அமர்ந்திருக்கும் ஐம்பது பெண்கள் பதிவாக மாட்டார்கள். பேருந்துக்காக நெடுஞ்சாலையோரம் நடப்பவர் எந்த அடுக்கிலும் இல்லை. இந்நிலையில் சுங்கச் சாவடி விவரத்தை மட்டும் நம்பி முன்னுரிமை வகுத்தால், லாரிக்கு மேம்பாலம் கிடைக்கும். நடப்பவருக்குச் சுரங்கப் பாதை கிடைக்காது.

படத்தின் அளவும் இதே வகையில் ஏமாற்றக்கூடியது. 1:50,000 அளவுள்ள நிலப்படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 25 மீட்டரைக் குறிக்கும். நெடுஞ்சாலை, அதன் அணுகு சாலை, நடைபாதை எல்லாம் அந்த ஒரே கோட்டுக்குள் மறைந்துவிடும். சாலையின் ஒரு பக்கம் கிராமம், மறுபக்கம் பள்ளி. படத்தில் இரண்டுக்கும் 300 மீட்டர். குறுக்கே கடக்க வழி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்குமானால், அச்சிறுவன் நடக்கும் தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அகலமான சாலை இணைக்கும் அளவுக்குப் பிரிக்கவும் செய்கிறது என்பதை நெடுஞ்சாலையோரத்தில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லையைத் தாண்டிய கணக்கு

இனி மாநில எல்லைக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் சாலை ஆறு கிலோமீட்டர். 12,000 பேருக்குப் பயன்படும். இரண்டாம் சாலை மூன்று கிலோமீட்டர். எல்லையை நோக்கிச் செல்வது. இம்மாநிலத்தில் 4,000 பேருக்குப் பயன்படும். கிலோமீட்டருக்கு முதலாவது 2,000 பேர். இரண்டாவது சுமார் 1,333 பேர். முதலாவதே முந்தும். ஆனால் இரண்டாம் சாலை முடியுமிடத்திற்கு அப்பால், அடுத்த மாநிலத்தில் 5,000 பேர் இதே சாலையை நம்பி வாழ்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு 3,000 ஆகிறது, வரிசை தலைகீழாகிறது. வட்டார அளவில் வரைந்து மாவட்ட அளவில் இணைக்கும் படத்தில் அந்த 5,000 பேர் பொதுவாக இடம்பெறுவதில்லை. யாரும் அவர்களைத் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. படத்தின் விளிம்பு அவர்களுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்து அலுவலரும் தம் படத்தில் இதே முறையில் நம் 4,000 பேரை விட்டுவிடுவார். ஆகவே எல்லைச் சாலை இரு பட்டியல்களிலும் பின்தங்கும்.

கணக்கு கற்பனை என்றாலும் இதன் சாயலை இங்குள்ள பெரிய திட்டங்களிலும் காண்கிறோம். பெங்களூர்ப் புறநகர் ரயில் திட்டத்திற்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தம் 148 கிலோமீட்டர், நான்கு தடங்கள். அவற்றில் ஹீலலிகே–ராஜானுகுண்டே தடம் 46.88 கிலோமீட்டர். ஹீலலிகே சந்தாபுராவுக்கு அருகே உள்ளது. தற்போதுள்ள இருப்புப்பாதையோ அங்கே நிற்காமல், ஆனேக்கல் ரோடு நிலையத்தைக் கடந்து ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் செல்கிறது. அன்றாடப் பயணிகளின் ஓட்டமும் அவ்வாறே செல்கிறது. அதே போல், ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரையிலான 19 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பொம்மசந்திராவிலிருந்து அத்திபெலே அதிகத் தொலைவில் இல்லை. அதை ஓசூருக்கு நீட்டிப்பது பற்றித் தமிழ்நாட்டுத் தரப்பில் சாத்தியக்கூறு ஆராயப்பட்டபோது எழுந்த சிக்கல்களில் ஒன்று மின்சாரம். பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், மூன்றாம் தண்டவாளத்தின் வழியே இயங்குகிறது. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தில், மேல்கம்பி வழியே இயங்குகிறது. இரு மாநிலங்களும் தத்தம் நகரத்தை மட்டும் மனத்தில் கொண்டு தேர்ந்தெடுத்த முறைகள் எல்லையில் வந்து சந்திக்க இயலவில்லை. அத்தேர்வுகளில் தவறில்லை, ஆனால் தேர்வு நடந்த காலத்தில் பெங்களூரையும் ஓசூரையும் ஒரே வட்டாரமாகக் காட்டும் பயணப் படம் ஒன்று மேசையில் இருந்திருந்தால், இக்கேள்வி அப்போதே எழுந்திருக்கும்.

விமான நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-இல் தமிழ்நாடு அரசு ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தது. கர்நாடக அரசு பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையத்திற்கான இடங்களை ஆராய்ந்தது. 2008-இல் திறக்கப்பட்ட கெம்பேகவுடா விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி, 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை வேறு விமான நிலையத்திற்குக் கட்டுப்பாடு உண்டு. இரு முயற்சிகளும் நாடுவது பெருமளவில் ஒரே பயணிகளை. எது முந்த வேண்டும் என்று கூற நான் முற்படவில்லை. இரண்டுக்கும் விளைநிலம் தேவைப்படும். நிலத்தைக் கொடுக்கப்போகும் விவசாயிக்கு, இரு திட்டங்களையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தபின்தான் முடிவெடுத்தார்கள் என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு.

எல்லையைத் தாண்டிச் சிந்தித்த திட்டமும் இங்கு ஒன்று உண்டு. தாபஸ்பேட்டை, தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டே, அத்திபெலே, ஆனேக்கல், கனகபுரா, ராமநகரம், மாகடி ஆகியவற்றைக் கோத்துச் செல்லும் துணைநகர வட்டச் சாலை, ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குள் செல்லும். தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டதால்தான் இது சாத்தியமாயிற்று. ஆயினும் இங்கும் இயக்கத்தின் அடுக்கு ஒன்று தனிக் கவனம் கோருகிறது. பன்னேருகட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு, கேழ்வரகு முற்றும் பருவத்தில், வந்து செல்கின்றன. ஆண்டுச் சராசரியாகப் படம் போட்டால் இந்த நடமாட்டம் மங்கலாகத் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் தனியே போட்டால் வழித்தடம் தெளிவாகத் தெரியும். எங்கே பாலம், எங்கே தரைமட்டச் சாலை என்பதைத் தீர்மானிக்க இரண்டாவது படமே உதவும். மனிதப் பயணத்திற்கும் இது பொருந்தும்: ஆலை முறை மாறும் நேரத்தின் நெரிசலை நாள் சராசரி மறைத்துவிடுகிறது.

செய்யக்கூடியது

அலுவலர்களுக்கு ஒரு யோசனை. இரு மாநிலங்களும் நிலப்பட விவரங்களைத் தனித்தனியே சிறப்பாகப் பேணுகின்றன. கர்நாடகத்தில் மாநிலத் தொலையுணர்வுப் பயன்பாட்டு மையம் உள்ளது. தமிழ்நாட்டிலும் அதற்கென அமைப்பு உண்டு. பெங்களூர் நகர மாவட்டமும் கிருஷ்ணகிரி மாவட்டமும் தத்தம் சாலைப் பட்டியலை இறுதி செய்யுமுன், எல்லையின் இரு பக்கமும் பத்து கிலோமீட்டர் வரையிலான பகுதியை ஒரே படமாக ஒட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பணமும் அதிகம் தேவையில்லை. ஊர்ப் பெயர்களின் எழுத்து வேறுபாடு, கிராம எண் வேறுபாடு ஆகியவற்றைச் சரிசெய்யும் சலிப்பூட்டும் வேலைதான் பெரிது. கிராமச் சாலைத் திட்டத்தில் சாலைத் தடத்தை முடிவு செய்யுமுன் பொறியாளரும் ஊராட்சித் தலைவரும் வருவாய் அலுவலரும் ஊராரோடு நடந்து பார்க்கும் விதி உண்டு. அந்த நடையை எல்லைக்கல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த ஊர் வரை நீட்டிக்கலாம். மதிப்பெண் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்பதும் என் கருத்து. தம் ஊருக்கு ஏன் 14-ஆம் இடம் என்று கேட்க ஒருவர் வருவாரானால், படத்தில் விடுபட்டது எது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

மாணவர்களுக்கான வேலை இன்னும் எளியது. நான் முன்னர்க் குறிப்பிட்ட ஊரகச் சாலை விவரங்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டவை. ஆனேக்கல் வட்டத்தையும் ஓசூர் வட்டத்தையும் இணைத்து, எல்லையில் முடியும் சாலைகள் எத்தனை, அவற்றின் மறுமுனையில் உள்ள குடியிருப்புகள் யாவை என்று கணக்கிடுவது ஒரு பருவத் தேர்வுக் கட்டுரைக்குப் போதுமானது. விடுபட்ட அடுக்கை நிரப்ப நீங்களே எண்ணவும் வேண்டும். வேலைநாள் ஒன்றிலும் ஞாயிறு ஒன்றிலும், காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் நெடுஞ்சாலையிலும் கிளைச் சாலைகளிலும் இருவர் இருவராக நில்லுங்கள். கால் மணிக்கு ஒரு முறை இருசக்கர வாகனம், கம்பெனிப் பேருந்து, அரசுப் பேருந்து, நடப்பவர், சைக்கிளில் செல்பவர் எனத் தனித்தனிக் கட்டங்களில் குறியுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம், எங்கிருந்து எங்கே, எத்தனை வண்டி மாறி என்ற மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். பெயர் வேண்டாம். தாளை நிரப்பியபின் இரு படிகள் எடுத்து, ஒன்றைப் பெங்களூர் நகர மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், மற்றொன்றைக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வாருங்கள்.